வேதாளம் வைத்த நிபந்தனை

(சிறார், இளையோர் மாயக் கதை நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது குறித்துப் பாகூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக்காகப் பொருள் எழுதிவைப்பது பாகூருக்குப் புது வழக்கம் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் விடப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. மூன்று ஊர் வருவாய் கேட்கும் அளவுக்கு என் பொருள் பெரியதல்ல. உங்கள் ஒரு மணி நேரம் போதும். பேயும் பூதமும் பேசும் பொம்மையும் வருகிற கதைப் புத்தகங்களுக்கு நாம் எப்படி மதிப்புரை எழுதுகிறோம், வேறு எப்படி எழுதலாம் என்பதே பொருள்.

இப்போது எழுதுகிற விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு சிறார் நாவல் வருகிறது. கொஞ்ச நாளில் ஏதோ ஓர் இதழில் ஒரு பக்க மதிப்புரை. முதல் பத்தியில் ஆசிரியர் வாங்கிய விருதுகள். இரண்டாம் பத்தியில் கதைச் சுருக்கம். சுருக்கம் என்பது பெயருக்குத்தான், பூதமாக வந்தது யார் என்பதுவரை போட்டு உடைத்துவிடுவார்கள். அப்புறம் நூல் சொல்லும் கருத்து: மரம் நடுதல், நட்பு, பெண் கல்வி. முடிவில், பள்ளி நூலகங்கள் அனைத்திலும் இருக்க வேண்டிய நூல் என்று ஒரு முத்திரை. கதையில் மாயம் என்று ஒன்று இருந்ததே, அதைப் பற்றி? ‘கற்பனை வளம் மிக்கது.’ அவ்வளவுதான். குறை என்று எதையாவது சொன்னால் அது அச்சுப்பிழையாக இருக்கும். சிறார் நூலைக் குறை சொல்வது குழந்தையையே குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இரண்டு வாசல்கள் தெரிகின்றன. ஒன்று பள்ளிக்கூடம். கதை முடிந்த மூச்சிலேயே அதனால் அறியும் நீதி என்ன என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வளர்ந்து மதிப்புரை எழுதும்போதும் அந்த வினாவுக்குத்தான் விடை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வாசல் கொஞ்சம் சிக்கலானது. இது பகுத்தறிவு பேசிய பாரதிதாசன் மண். பில்லி, சூனியம், ஏவல் எல்லாம் பொய் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய தேவை நம் ஊர்களில் இன்றும் தீரவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு முன்னால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடும் வீடுகள் இருக்கின்றன. அதனால் பேய்க் கதை என்றாலே முகம் சுளிக்கும் நல்ல மனிதர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால், புளியமரத்தில் முனி இருக்கிறான், அந்தப் பக்கம் போகாதே என்று மிரட்டும் பாட்டியும், முருங்கைமரத்தில் வேதாளம் தொங்கியதாம், ராஜா ஏறி வெட்டினானாம் என்று கதை சொல்லும் பாட்டியும் ஒரே வேலையைச் செய்யவில்லை. முதல் பாட்டி நம்பச் சொல்கிறாள். இரண்டாம் பாட்டி விளையாடக் கூப்பிடுகிறாள். இரண்டும் ஒரே பாட்டியாக இருந்தாலும் எப்போது எது என்பது பிள்ளைக்குத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் குழப்பம்.

பக்கத்துக் கடலூரில் இருக்கும் ஆயிஷா இரா. நடராசன் அறிவியலைக் கொண்டுசேர்க்கப் பிடித்த தோள் யாருடையது பாருங்கள்: விக்கிரமாதித்தனுடையது. ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த பாரதி 1910இல் நூலாக வெளியிட்ட ‘ஞானரதம்’ ஒரு ரதமேறி வேறு உலகங்களுக்குப் போய்வருகிற கதை. முத்தியால்பேட்டைப் பக்கத்து மாந்தோப்பில் அவர் கேட்ட குயில் முற்பிறப்புக் கதை பேசியது. அறிவுக்கும் மாயத்துக்கும் பகை என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

சரி, கருத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? மாயத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் பதில். ஒரு கதையில் மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, செய்தால் யார் என்ன விலை கொடுக்க வேண்டும், அந்த விதியைக் கதை கடைசிவரை காப்பாற்றுகிறதா என்பதையெல்லாம் மதிப்புரையாளர் முதலில் பார்க்க வேண்டும். நீதி எங்கும் ஓடிவிடாது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேதாளத்தையே எடுத்துக்கொள்வோம். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா பல தலைமுறைகளுக்கு அந்தக் கதையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. தோளில் பிணம், கையில் வாள், திரும்பிப் பார்க்கும் ராஜா என்று ஓவியர் சங்கர் வரைந்த படம் இங்கே நரைத்த தலைகள் எல்லாவற்றிலும் இருக்கும். மூலத்தில் இருந்தவை இருபத்தைந்து கதைகள்; அம்புலிமாமா அதே சட்டகத்தில் பல பத்தாண்டுகள் புதுக்கதைகளை ஓட்டியது. எப்படி ஓடியது? நிபந்தனை அவ்வளவு கச்சிதம். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் ராஜாவை நிறுத்திவிட்டுத்தான் கதை தொடங்குகிறது.

பாகூர் பக்கத்து ஊர் ஒன்றில் மாலை வாசிப்பு நடத்தும் நண்பர்களோடு நான் உட்கார்வதுண்டு. அங்கே ஒரு நாள் கடைசிக் கதையைச் சொன்னார்கள். அப்பாவும் மகனுமாக ஒரு ராஜாவும் இளவரசனும் காட்டில் இரண்டு காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்காரியை அப்பாவும் சின்னத் தடத்துக்காரியை மகனும் மணப்பது என்று முடிவு செய்கிறார்கள். பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் தாயுடையது. சொன்னபடியே மணந்துகொள்கிறார்கள். இரண்டு ஜோடிக்கும் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? இதுதான் வேதாளத்தின் கேள்வி. விக்கிரமாதித்தன் வாய் திறக்கவில்லை. வேதாளமும் மரத்துக்குப் போகவில்லை.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டார்கள். ராஜாவின் பிள்ளை இளவரசனுக்குத் தம்பி, ஆகவே இளவரசனின் பிள்ளைக்குச் சித்தப்பா. ஆனால் இளவரசனின் பிள்ளை ராஜாவின் புது மனைவிக்குத் தம்பி, ஆகவே ராஜாவின் பிள்ளைக்குத் தாய்மாமன். ஒரு சிறுமி கேட்டாள்: “அப்ப காது குத்தறப்ப ஒரே வயசுப் பையன் மடியிலயா சார் உக்காரணும்?” சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அப்புறம் ஒரு பையன் விடவில்லை: “எங்களுக்கே பதில் தெரிஞ்சுபோச்சு. ராஜாவுக்குத் தலை வெடிச்சிருக்கணுமே, ஏன் வெடிக்கல?” அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: “தெரிஞ்சும் சொல்லலேன்னாதான் வெடிக்கும். அவருக்கு நிஜமாவே தெரியல.”

இதுதான் விமர்சனம். நிபந்தனையை நினைவில் வைத்து, முடிவு அதற்குள் அடங்குகிறதா என்று சோதித்து, அடங்குகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அதுவரை ஒவ்வொரு முறையும் அறிவைக் காட்டித் தோற்ற ராஜா, அறியாமையால் ஜெயிக்கிறான். இந்த அழகை எடுத்துச் சொன்ன மதிப்புரையை நான் அதிகம் பார்த்ததில்லை. பொறுமையே வெற்றி தரும் என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

இந்தக் கூர்மை பிள்ளைகளுக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வரவில்லை. நம் பக்கத்தில் இரவு முழுக்க இரணியன் கூத்து பார்த்த பிள்ளைகள் உண்டு. மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது, ஆயுதம் படக்கூடாது. வரம் கேட்டவன் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். அத்தனைக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக, அந்தி நேரத்தில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் கதை முடிகிறது. ஒரு வரிகூட மீறப்படவில்லை. இதைப் பாயில் உட்கார்ந்து பார்த்து, இரணியன் இன்னும் எதைச் சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்று விடியற்காலையில் சண்டை போட்டபடி வீடு திரும்பும் பிள்ளைக்கு, நாயகன் மாட்டிக்கொண்ட நேரமாகப் பார்த்து முனிவர் வந்து புது மந்திரம் சொல்லிக்கொடுக்கும் நாவலை நீட்டினால் தூக்கிப் போடாமல் என்ன செய்யும்?

கணக்குச் சரியாக இருந்தால் வெளிநாட்டுக் கதையும் நம் பிள்ளைக்குப் பிடிபடும். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்குத்தான் அதன்மேல் மந்திரம் பலிக்கும். அகந்தையில் மந்திரம் போட்ட சிறுவன் தன் நிழலைத் தானே அவிழ்த்துவிட்டு, அதன் பின்னால் அலைகிறான். இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

இன்று நான் நிற்பதுபோல் ஓர் அறக்கட்டளை மேடையில்தான் ‘ஹாபிட்’ எழுதிய டோல்கீனும் நின்றார். 1939 மார்ச்சில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், ஆண்ட்ரூ லாங் நினைவுச் சொற்பொழிவு. தேவதைக் கதைகளைப் பற்றிப் பேசினார். கதைக்காரன் ஓர் உலகத்தைப் படைக்கிறான், அதன் சட்டங்களுக்கு உட்பட்டவரை அங்கே நடப்பது உண்மை, சட்டம் பிசகிய கணத்தில் கேட்பவன் வெளியே வந்துவிடுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் பொருந்துகிற உலகத்தை உண்டாக்குவதுதான் வேலை என்றும் சொன்னார்.

அதற்கு மூன்றாண்டு முன்னால் நடந்தது இன்னும் சுவையானது. ‘ஹாபிட்’ கையெழுத்துப் பிரதி ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளரிடம் வந்தது. பிள்ளைகள் புத்தகத்துக்குப் பிள்ளைதான் நீதிபதி என்று அவர் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். அவன் கதையைச் சில வரிகளில் சொல்லி, வரைபடங்கள் இருந்தால் படங்கள் தேவையில்லை, ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை எல்லோருக்கும் பிடிக்கும் என்று எழுதிக்கொடுத்தான். தனக்குப் பத்து வயதாகிவிட்டதால் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த அறிக்கைக்கு அவனுக்குக் கிடைத்த கூலி ஒரு ஷில்லிங். புத்தகம் 1937இல் வெளிவந்தது. லண்டன் டைம்ஸ் இலக்கிய இணைப்பில் பெயரில்லாமல் ஒரு பாராட்டு மதிப்புரை வந்தது. எழுதியவர் டோல்கீனின் நெருங்கிய நண்பர் சி. எஸ். லூயிஸ். நண்பர் நூலுக்கு நண்பர் எழுதுவது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மட்டுமே உரிய கலை என்று நினைத்திருந்தவர்கள் ஆறுதல் அடையலாம். ஆனால் லூயிஸ் எழுதியதைப் படித்தால் நட்பு தெரியாது, அந்த உலகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற கவனம்தான் தெரியும்.

நம் ஊருக்குத் திரும்புவோம். புதுச்சேரிக்குச் சிறார் மாயக் கதையில் பெரிய பங்கு ஒன்று உண்டு. நாம்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது. மொழிபெயர்த்தவர்கள் வெ. ஸ்ரீராமும் புதுச்சேரியின் ச. மதனகல்யாணியும். அந்த நூலை வில்லியனூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் தெரு ஒன்றில் உரக்கப் படித்துக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. விமானி வரைந்த ஆடு எதுவும் இளவரசனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பெட்டியை வரைந்து, நீ கேட்ட ஆடு உள்ளே இருக்கிறது என்று கொடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் வாசிப்பு நின்றது. பெட்டிக்குள் ஆடு இருப்பதைப் பற்றி ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. “தழை எவ்ளோ போடணும்? அவன் ஊர்ல தழை கெடைக்குமா?” என்பதுதான் கேள்வி. பக்கத்தைத் திருப்பினால் குட்டி இளவரசனும் அதைத்தான் கேட்கிறான், அவன் ஊர் ரொம்பச் சின்னது அல்லவா.

ஆனால் ரோஜாவும் நரியும் வந்தபோது சின்னப் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு மேலே இருந்தவர்கள் மட்டும் நகரவில்லை. குழந்தைகளுக்கான நூல் என்று அட்டையைப் பார்த்து எழுதிவிடுகிறோமே, எந்தக் குழந்தைக்கு? யார் எந்தப் பக்கத்தில் எழுந்து போனார்கள் என்பதையும் மதிப்புரை சொன்னால் நூலகருக்கு உதவும். குழந்தைகள் நாடகத்தில் வேலு சரவணன் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி மேடையிலேயே கிடைத்துவிடுகிறது. பூதம் சரியில்லை என்றால் முன்வரிசை அங்கேயே சொல்லிவிடும். அச்சில் வரும் கதைக்கு அந்த வாய்ப்பு இல்லை, மதிப்புரைதான் முன்வரிசை.

இப்போது வருகிற தமிழ் நூல்களுக்கு வருகிறேன். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஒரு மரப்பாச்சி சிறுமியோடு பேசுகிறது; பிள்ளைகள் மீதான பாலியல் அத்துமீறலை வாய்விட்டுச் சொல்ல வழி செய்கிறது. நான் படித்த மதிப்புரைகள் எல்லாம் நாவலின் பொருளைப் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான், வீடுகளில் பேச நடுங்கும் பொருள். ஆனால் இத்தனை நுட்பமான விஷயத்துக்கு ஒரு பொம்மை எதற்குத் தேவைப்பட்டது? அது ஏன் இவளிடம் பேசியது? அம்மாவிடம் சொல்ல முடியாததைப் பொம்மையிடம் சொல்ல முடிவது மாயமா, மனமா? இதையெல்லாம் கேட்டிருந்தால் நாவலின் பலம் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். கே. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023இல் அதே விருது) இன்றைய சிறுவனைக் கீழடியின் பழங்காலத்தோடு கோக்கிறது. அதற்கு வந்த பேச்சில் பெரும்பகுதி கீழடிப் பெருமை. காலம் கடக்கும் கதையில் பார்க்க வேண்டியது கடக்கும் வாசலைத்தான். போவது எப்படி, திரும்பும்போது எதைக் கொண்டுவரலாம், எதைத் தொடக்கூடாது? அரியாங்குப்பத்தில் அரிக்கமேடு இருக்கிறது. செஞ்சியாற்றின் மேல்பக்கம் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இந்த இரண்டு வாசல்களையும் வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் நான் கடுமையாக மதிப்புரை எழுதத் தயார்.

பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுவரைதான் பெரிய பள்ளம். கோகுலம், அம்புலிமாமா வயது தாண்டியாகிவிட்டது. அந்த இதழ்களும் இப்போது இல்லை. பெரியவர்கள் நாவல் இன்னும் பிடிபடவில்லை. அந்த இடத்தில் கைப்பேசி உட்கார்ந்திருக்கிறது. அதற்காக அழ வேண்டாம். கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் தமிழ் ஒலியில் பார்த்த நருட்டோ கார்ட்டூன் தொடரை எனக்கு விளக்கினான். சக்ரா என்ற சக்தி எவ்வளவு செலவானால் எந்த வித்தை வரும், தீர்ந்துபோனால் உடம்பு என்ன ஆகும், எந்த வித்தைக்கு உயிரே விலை என்று பேருந்து வரும்வரை சொன்னான். மாயத்தின் கணக்கு அவனுக்கு அத்துப்படி. இவன் கையில் கொடுக்கத் தமிழில் இருக்கும் இளையோர் மாயக் கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருப்பவற்றிலும் பிள்ளைகள் பேசுவது மேடைத் தமிழாக இருக்கிறது. “நண்பா, நாம் விரைந்து செல்வோம்” என்று எந்தப் பதினைந்து வயதுப் பையன் பேசுகிறான்? இதையும் மதிப்புரையில் எழுத வேண்டும். ஆசிரியர் வருத்தப்படுவார், படட்டும். அடுத்த நூலில் பையன் பேசுவான்.

கடைசியாக அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டுச் சால்வை போடும் செலவில், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிளை நூலகங்களுக்கும் புது மாயக் கதை நூல்களை வாங்கிக் கொடுங்கள். படித்துவிட்டு அரைப்பக்கம் எழுதித்தரும் பிள்ளைக்குக் கூலி கொடுங்கள். பரிசு, கோப்பை, சான்றிதழ் எதுவும் வேண்டாம். ரெய்னருக்குக் கொடுத்ததுபோல் கையில் காசு. எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது. நீதி எழுதினால் பாதிக் கூலி. புத்தகம் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதினால் முழுக் கூலி. தொகை எவ்வளவு என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.